லேண்ட்லைன் போய் ஃபைபர் வந்த பிறகு கடையில் எது ஓடவில்லை?

போடியிலும் கம்பத்திலும் ஏலக்காய்க் கடைகள், குமுளியில் லாட்ஜுகள், மேலே வண்டன்மேடு பக்கம் எஸ்டேட் ஆபீஸ்கள் என்று இன்டர்காமும் போன் ஒயரிங்கும் பார்த்துக்கொண்டு அலைகிறவன் நான். கொஞ்ச காலமாக எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே ராகம்தான்: "அண்ணே, பழைய லைனை எடுத்துட்டு ஃபைபர் போட்டுட்டுப் போனாங்க. பேச முடியுது, ஆனா ஃபேக்ஸ் போகல." ஃபேக்ஸ் இல்லையென்றால் கார்டு மெஷின். அதுவும் இல்லையென்றால் இன்டர்காம். மலையேறிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ஒயரை மாற்றிக் குத்தியிருப்பார்கள், இல்லையென்றால் ஒரு செட்டிங் பழைய லைனுக்கு வைத்தபடியே கிடக்கும். அதற்குள் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தவர்களும் உண்டு.

பிரிட்டனில் 2027 ஜனவரியோடு பழைய போன் லைன்களை நிறுத்துவதாகத் தேதி குறித்துவிட்டார்கள். நம் பக்கம் அப்படி நடப்பதில்லை. ரோடு வேலையில் கேபிள் அறுந்துபோகும், ஒட்ட ஆள் வரமாட்டார், "ஃபைபருக்கு மாறிக்கோங்க" என்று பதில் வரும். நமக்குத் தேதி குறிப்பது பொக்லைன். ஆகவே லைன் உயிரோடு இருக்கும்போதே கீழே உள்ள முதல் பகுதியை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே மாறியவர்கள் நேராகத் தங்கள் கோளாறு இருக்கும் தலைப்புக்குப் போகலாம்.

## இன்னும் மாறவில்லை என்றால்

சுவரில் போன் ஒயர் வந்து சேரும் ரோசெட் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டு நடங்கள். எங்கே போய் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கல்லாவில் இருக்கும் போன் எல்லோருக்கும் நினைவிருக்கும். குடோனில் இருக்கும் திருட்டு அலாரம், லிஃப்டுக்குள் இருக்கும் போன், மாடி அறையில் தூசி படிந்த ஃபேக்ஸ், இவையெல்லாம் லைன் போன பிறகுதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது எண். செல்போன் எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம், லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. மூட்டையிலும் பில்லிலும் அச்சடித்த பழைய எண் வேண்டுமென்றால், இப்போது லைன் கொடுக்கும் அதே நிறுவனத்தில் "இதே எண்ணோடு ஃபைபர்" என்று எழுதிக் கேளுங்கள். புது லைனில் அந்த எண் அடிப்பதைக் காதால் கேட்கும்வரை பழைய இணைப்பை ஒப்படைக்க வேண்டாம்.

## கோளாறு 1: போனை எடுத்தால் சத்தமே இல்லை

முதலில் விளக்கைப் பாருங்கள். எல்லோரும் மோடம் என்று சொல்லும் ஃபைபர் பெட்டியில் பவர், பான் (PON), லாஸ் (LOS), போன் என்று சில விளக்குகள் இருக்கும்.

பவர் விளக்கே இல்லையா? அடாப்டரைப் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட். பக்கத்தில் கிடந்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் சில நேரம் விளக்கு மட்டும் எரியும், வேலை நடக்காது. பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அடாப்டரில் குறையக் கூடாது, கூட இருந்தால் பாதகமில்லை.

லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழையில் வெளிச்சம் வரவில்லை. பச்சைத் தலை கனெக்டர் சரியாக அமர்ந்திருக்கிறதா, கேபிளை எங்காவது மேஜைக் காலோ கதவோ நசுக்குகிறதா, ஆணியில் மடக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரைக் கழற்றி உள்ளே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். உள்ளே எல்லாம் சரி, விளக்கு இன்னும் சிவப்பு என்றால் வெளியே அறுந்திருக்கிறது. நிறுவனத்துக்குப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. குமுளி, போடிமெட்டுப் பக்கம் பாதி நாள் இது குரங்கு வேலை. கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிற கேபிள் அவற்றுக்கு ஊஞ்சல்.

விளக்கு எல்லாம் பச்சை, ஆனால் டயல் டோன் இல்லை. ஒரு சாதாரணப் போனை எடுத்துப் பெட்டியின் பின்னால் இருக்கும் போன் துளையில் நேராகச் செருகுங்கள். இரண்டு துளை இருந்தால் இரண்டிலும் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். இணையத் துளையும் போன் துளையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சின்னதுதான் போனுடையது.

நேராகச் செருகினால் டோன் வருகிறது, பழைய ஒயரில் விட்டால் வரவில்லை என்றால் குற்றம் உங்கள் கட்டிடத்து ஒயரிங்கில். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபைபர் போட வந்தவர் அவசரத்தில் பெட்டியின் போன் துளையிலிருந்து ஒரு ஒயரை எடுத்துப் பழைய ரோசெட்டில் குத்திவிட்டுப் போயிருப்பார். அப்படிச் செய்தால் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் உயிர் பெறும், தப்பில்லை. ஆனால் வெளியே கம்பத்திலிருந்து வரும் பழைய டிராப் வயரும் அதே ரோசெட்டில்தான் மாட்டியிருக்கும். எக்ஸ்சேஞ்சில் அந்த ஜோடியை இன்னும் துண்டிக்கவில்லை என்றால் அதில் 48 வோல்ட் டி.சி. ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் எக்ஸ்சேஞ்ச், மறுபக்கம் ஃபைபர் பெட்டி, இரண்டும் ஒரே ஒயரில் முட்டிக்கொள்ளும். டோன் வராது, வந்தாலும் இரைச்சலாக இருக்கும், சில நாளில் பெட்டியின் போன் பகுதி கருகிவிடும். அந்தப் பக்கம் இணைப்பே இல்லாவிட்டாலும் ஆபத்து போகவில்லை. கம்பத்தில் தொங்கும் இரும்புக் கம்பி போட்ட டிராப் வயர் மழைக்காலத்தில் இடியை வீட்டுக்கு அழைத்து வரும். ஐப்பசியில் இந்த மலையடிவாரத்தில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பது சுலபம். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் ஒயரை ரோசெட்டிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து ரோசெட்டின் இரண்டு திருகுகளையும் தொடுங்கள். 48 பக்கம் காட்டினால் பழைய லைன் உயிரோடு இருக்கிறது. பூஜ்யம் காட்டினாலும் நம்பி விட்டுவிட வேண்டாம். வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் கழற்றித் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மீட்டர் இல்லாதவர்கள் வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், மணி அடிக்கும் நேரத்தில் அந்த ஒயரில் பலமாகவே ஷாக் அடிக்கும்.

பழைய பிராட்பேண்டுக்கு மாட்டிய ஸ்பிளிட்டர் டப்பா வழியில் எங்காவது தொங்கினால் அதையும் கழற்றி எறியுங்கள். இனி அதற்கு வேலை இல்லை.

நேராகச் செருகினாலும் டோன் இல்லை. போன் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியவில்லை என்றால் உங்கள் எண் பெட்டியில் பதிவாகவில்லை. அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நிறுவனத்தில்தான் சரிசெய்ய முடியும், வீட்டுக்கு ஆளை வரச் சொல்லாமல் "வாய்ஸ் ரிஜிஸ்டர் ஆகவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நாள் மிச்சமாகும்.

## கோளாறு 2: டோன் வருகிறது, எண்ணைப் போட்டால் போகவில்லை

செல்போனுக்கு மட்டும் போகவில்லை. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். கையால் போடுகிறவர்கள் பழகிவிட்டார்கள். மெஷின்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபேக்ஸின் ஒன் டச் பட்டன், போனின் மெமரி, அலாரம், எல்லாவற்றிலும் பழைய பத்து இலக்கம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதுதான்.

கல்லா போனில் போகிறது, எக்ஸ்டென்ஷனில் போகவில்லை. இன்டர்காம் பெட்டியில் எஸ்.டி.டி. லாக் போட்டிருப்பீர்கள். முதல் எண் 0 என்றால் அடைத்துவிடு என்பதுதான் அந்த லாக். செல்போனுக்கு 0 கட்டாயமான நாளிலிருந்து அந்த எக்ஸ்டென்ஷன்களுக்குச் செல்போனும் அடைபட்டுவிட்டது. கம்பத்தில் ஒரு கடையில் இந்த ஒரு காரணத்துக்காக இன்டர்காமையே மாற்றப் பார்த்தார்கள். புரோகிராமில் 06, 07, 08, 09 என்று தொடங்குவதை அனுமதிக்கச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு: 080 என்றால் பெங்களூரும் திறந்துகொள்ளும். இப்போது எஸ்.டி.டி.க்குத் தனிக் காசு இல்லாத பிளான் என்றால் லாக்கையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. வெளி லைனுக்கு ஒரு 0, செல்போனுக்கு இன்னொரு 0, ஆக இரண்டு பூஜ்யம் போட வேண்டும் என்று பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

உள்ளூர் எண்ணுக்கே போகவில்லை. சில நிறுவனங்களின் ஃபைபர் லைனில் உள்ளூர் என்றாலும் எஸ்.டி.டி. கோடு சேர்க்க வேண்டும். போடியிலிருந்து போடிக்கு 04546 போட்டுப் பாருங்கள். குமுளிக்கு எப்போதும்போல 04869.

எந்த எண்ணுக்கும் போகவில்லை, அமுக்க அமுக்க டோன் நிற்கவில்லை. போனின் அடியில் பி (பல்ஸ்), டி (டோன்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். டி பக்கம் தள்ளுங்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் 'டக் டக்' என்று எண்ணை எண்ணி அனுப்பும் பல்ஸையும் ஏற்றுக்கொண்டது, ஃபைபர் பெட்டிகளில் பல அதைக் கண்டுகொள்வதில்லை. அப்பா காலத்துச் சுழற்றும் டயல் போன் வைத்திருந்தால் இனி அது வரும் அழைப்புக்கு மட்டும்தான்.

## கோளாறு 3: மணி அடிக்கவில்லை, அல்லது முனகுகிறது

ஃபைபர் பெட்டியால் எக்ஸ்சேஞ்ச் அளவுக்குப் பலமாக மணி அடிக்க முடியாது. ஒரே லைனில் நாலு போனைப் பேரலலாகப் போட்டிருந்தால் இரண்டைக் கழற்றிப் பாருங்கள். மணி வந்துவிட்டால் அவ்வளவுதான் கோளாறு. குடோனில் இருக்கும் பெரிய வெளி மணி முதலில் வேலைநிறுத்தம் செய்யும், அதற்குத் தனி அடாப்டரில் ஓடும் ரிங்கர் வாங்குவது நல்லது. நாலு இடத்தில் போன் வேண்டுமென்றால் ஒரு கார்ட்லெஸ் செட் போதும், அடிவாங்கும் ஒயர் மிச்சம்.

## கோளாறு 4: பேசி வைத்த பிறகும் லைன் பிஸியாகவே இருக்கிறது

இது இன்டர்காம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். எதிராளி வைத்துவிட்டார் என்பதை இன்டர்காம் பெட்டி பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி சத்தம், முக்கால் நொடி மௌனம். ஃபைபர் பெட்டியில் வேறு நாட்டு டோன் வைத்திருந்தால் இன்டர்காமுக்குப் புரியாது. லைனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

சோதனை: வெளி லைனில் உங்கள் செல்போனைக் கூப்பிடுங்கள், செல்போனை முதலில் வையுங்கள், எக்ஸ்டென்ஷனைக் காதில் வைத்துக் கேளுங்கள். டோன் மேலே சொன்ன தாளத்தில் வருகிறதா, வேறு மாதிரியா, இல்லை ஒன்றுமே வரவில்லையா? அவசரத்துக்கு இன்டர்காமை அணைத்துப் போட்டால் லைன் விடுபடும். நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு வழி: ஃபைபர் நிறுவனத்திடம் இந்தியா டோன் வைக்கச் சொல்வது, அல்லது இன்டர்காம் மெக்கானிக்கை அழைத்துப் புது டோனைப் பெட்டிக்குப் பழக்குவது. பாஸ்வேர்டு தெரியாமல் நீங்களே புரோகிராமுக்குள் போக வேண்டாம். லாட்ஜ் ஒன்றில் இப்படி நுழைந்த மேனேஜர் எல்லா ரூம் எண்ணையும் அழித்துவிட்டார், நான் ராத்திரி பன்னிரண்டு வரை உட்கார்ந்து சரிசெய்தேன்.

## கோளாறு 5: ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது

ஃபேக்ஸ் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஏற்றுமதிக் கடைகளிலும் பழைய எஸ்டேட் ஆபீஸ்களிலும் இன்னும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஃபேக்ஸ் என்பது விசில் அடித்துப் பேசும் மெஷின். பழைய லைனில் அந்த விசில் அறுபடாமல் போனது. புது லைனில் அதைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள், ஒரு துண்டு தாமதமானாலும் மெஷின் கோபித்துக்கொண்டு வைத்துவிடும். அதனால் மெதுவாகப் பேசச் சொல்ல வேண்டும். இந்த வரிசையில் போங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்கள்.

மெஷினை ஃபைபர் பெட்டியின் போன் துளையில் நேராகச் செருகுங்கள். இன்டர்காம் வழியாகவும் வேண்டாம், பழைய ஒயர் வழியாகவும் வேண்டாம். இதிலேயே நிறையப் பேருக்குச் சரியாகிவிடும்.

கால் வெயிட்டிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் வரும் அந்த 'பீப்' ஒன்றே ஃபேக்ஸை அறுக்கப் போதும்.

வேகத்தைக் குறையுங்கள். மெனுவில் 33600 இருந்தால் அதை விட்டு 14400, அதிலும் நின்றால் 9600. பிரதர் மெஷின்களில் கம்பாட்டிபிலிட்டி என்ற இடத்தில் பேசிக் என்று வைத்தால் இந்த வேலையை அதுவே செய்துகொள்ளும்.

அடுத்ததாக ஈ.சி.எம். என்ற பிழை திருத்தும் வசதியை அணையுங்கள். பக்கத்தில் ஒன்றிரண்டு கோடு விழலாம், ஆனால் பக்கம் போய்ச்சேரும். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அனுப்புகிறவர்கள் எதிராளியிடம் தெளிவாக வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் நின்றால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி: "ஃபேக்ஸுக்கு டி.38 இருக்கிறதா? இல்லையென்றால் ஜி.711 கோடெக்கில் வையுங்கள்." இரண்டும் ஃபேக்ஸ் விசிலைக் கெடாமல் அனுப்பும் முறைகள். எதிர்முனையில் பேசுகிறவருக்கு இது புரியவில்லை என்றால் மேலாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கேயும் கைவிரித்தால் மெஷினில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பலாமா என்று எதிராளியிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவரும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருப்பார்.

## கோளாறு 6: கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிறது

போன் ஒயர் செருகும் பழைய மெஷினாக இருந்தால், மெஷினில் பதிந்திருக்கும் எண்ணுக்கு முன்னால் இன்டர்காமின் 0 தேவையா என்று பாருங்கள், கால் வெயிட்டிங்கை நிறுத்துங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் போராட வேண்டாம், வங்கியிடம் சிம் அல்லது வைஃபை மெஷின் கேளுங்கள். பழையதை ஒப்படைக்கும் முன், மெஷினில் நிற்கும் கணக்கை வங்கிக்கு அனுப்பும் செட்டில்மென்ட்டைப் போட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போடாமல் கொடுத்தால் உள்ளே நிற்கும் பணத்துக்காக வங்கிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

சிம் மெஷினில் நம் எல்லைப் பக்கத்துக்கென்றே ஒரு கோளாறு உண்டு. குமுளி செக்போஸ்ட் அருகிலும் கம்பம்மெட்டிலும் மெஷின் ஒரு நிமிடம் தமிழ்நாட்டு டவர், மறு நிமிடம் கேரளா டவர் என்று தாவும். தாவுகிற நேரத்தில் கார்டைப் போட்டால் தொங்கும். மெஷினை ஜன்னல் பக்கம் பத்தடி நகர்த்திப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் சர்வீஸ் ஆளிடம் நெட்வொர்க்கை ஆட்டோவிலிருந்து மாற்றி ஒரே டவர் கம்பெனியில் நிறுத்தச் சொல்லுங்கள். கடையில் ஃபைபர் இருக்கும்போது வைஃபையில் போடுவதே சுலபம்.

## கோளாறு 7: கரண்ட் போனால் போனும் போகிறது

பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் அடித்தது அதனால்தான். இப்போது பெட்டிக்கு உங்கள் கரண்ட்தான்.

கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் போன் ஓரிரு நிமிடம் செத்துப் பிழைக்கிறதா? இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டலில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறது. ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்கும் அடாப்டருக்கும் நடுவில் போட்டால் போதும். சில மணி நேரம் தாங்கும். மின்வாரியம் மாதப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாளில் தாங்காது. அந்த நாளுக்குக் கால் ஃபார்வர்டிங்கை முன்னாலேயே செல்போனுக்குத் திருப்பிவிடுங்கள், ஏலம் நடக்கும் நாளாக இருந்தால் கட்டாயம்.

மினி யு.பி.எஸ். இருந்தும் போன் போகிறது, லாஸ் விளக்கும் சிவப்பு என்றால் நிறுவனத்தின் பக்கம் பேட்டரி இறங்கிவிட்டது. உங்களால் ஆவது ஒன்றுமில்லை.

## கோளாறு 8: எஸ்டேட்டிலிருந்து கடை கேமரா தெரியவில்லை

பழைய மோடத்துக்கு வைத்த ஐ.பி. முகவரி, கேமரா படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியில் அப்படியே இருக்கும், அதை ஆட்டோவுக்கு மாற்றுங்கள். அதற்கும் தெரியவில்லை என்றால் புது நிறுவனம் உங்களுக்குத் தனி ஐ.பி. தரவில்லை, பல வீடுகளோடு பங்கு வைத்திருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங்கில் மல்லுக்கட்டாமல் டி.வி.ஆர். கம்பெனியின் ஆப்பில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்து சேருங்கள்.

## கோளாறு 9: அலாரம் அலறுகிறது, யாருக்கும் போன் வரவில்லை

இதை யாரும் கோளாறு என்று சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. வேறு வேலைக்குப் போகும்போது நானாகச் சோதித்துக் கண்டுபிடிப்பதுதான் வழக்கம்.

எண்ணுக்கு முன்னால் 0 இருக்கிறதா பாருங்கள். அலாரம் பெட்டியின் ஒயர் பழைய ரோசெட்டில் அனாதையாக நிற்கிறதா பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அலாரத்தைத் தட்டிவிடுங்கள். அலாரத்துக்குள் பேட்டரி உண்டு, அது கத்தும். ஃபைபர் பெட்டிக்கு மினி யு.பி.எஸ். இல்லையென்றால் போன் போகாது. திருடன் முதலில் ஃபியூஸைத்தான் பிடுங்குவான்.

குடோனில் சரக்கு இருக்கும் கடைகளுக்கு சிம் போடும் அலாரம்தான் நான் சிபாரிசு செய்வது. 2ஜி மட்டும் பிடிக்கும் மலிவு அலாரத்தில் ஜியோ சிம் ஓடாது, ஜியோவுக்கு 2ஜி கிடையாது. வாங்கும் முன் 4ஜி பிடிக்குமா என்று கேளுங்கள். லிஃப்ட் போனுக்கும் தீயணைப்பு அலாரத்துக்கும் நீங்களோ நானோ கை வைக்கக் கூடாது. அதைப் பொருத்திய கம்பெனிக்காரர் வந்து மாற்றி, உங்கள் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும்.

மாதம் ஒருமுறை அலாரத்தைத் தட்டிப் பாருங்கள். தட்டும் முன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.